வெள்ளரிப்பிஞ்சு நிறத்தில் ஒரு பலகை வீடு

உப்புவெளியில் ஜெயரூபியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வாய்க்காரி என்பார்கள், பிடிவாதக்காரி என்பார்கள், கால் கிலோ மீன் வாங்க அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறவள் என்பார்கள். எல்லாம் உண்மைதான், ஒன்றையும் மறுக்க வரவில்லை. ஆனால் கடலுக்கு நேரே அவள் நிமிர்த்தி வைத்திருக்கிற பலகை வீட்டை விட்டுவிட்டு அவளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அவளைத் தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

வீடு ஒன்றும் அரண்மனையில்லை. இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை, பின்பக்கம் குளியலறை, அவ்வளவுதான். நிற்கிற இடம்தான் விசேஷம். தாய்வழியில் அவளுக்குச் சீதனமாக வந்த காணித்துண்டு அது. விறாந்தைப் படியால் இறங்கினால் மணல், மணலைக் கடந்தால் அலை. அவ்வளவு கரையில் கல்வீடு கட்ட அனுமதி தரமுடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வேறொருத்தி என்றால் காணியைச் சுற்றிக் கம்பி அடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். ஜெயரூபி கேட்ட ஒரே கேள்வி, "கல்லுக்குத்தானே ஏலாது, பலகைக்கு ஏலும்தானே?" என்பது. ஏலும் என்றார்கள். அன்றைக்கே வீடு கட்டத் தொடங்கிவிட்டாள் என்று சொல்லலாம், மனதுக்குள்.

அவள் ஏன் அந்த வீட்டுக்கு அப்படி ஆசைப்பட்டாள் என்பதற்குக் காரணம் இருந்தது. கலியாணம் முடித்த காலம் தொட்டு அவள் செய்த வேலை, ஹுஸ்னியாவின் விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்புத் தோய்ப்பது. வெயிலுக்கென்று வெள்ளைக்காரர் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் கிறீம், மசாஜ் எண்ணெய், கறிக்குழம்பு, இன்னும் சொல்லக்கூடாத கறைகள் எல்லாவற்றையும் போக்கி, விரிப்பைப் புதிது போல மடித்துக் கொடுப்பாள். அவள் கை பட்டால் கறை தானாக எழும்பி ஓடிவிடும் என்று ஹுஸ்னியாவே சொல்வாள். ஆனாலும் அது அடுத்தவள் வீட்டு விரிப்பு. தன் வீட்டில், தன் கட்டிலில், தன் விரிப்பில் ஒரு விருந்தாளி வந்து படுக்கவேண்டும் என்பது ஜெயரூபியின் ஆசை. ஆசை என்றால் சும்மா ஆசையில்லை, பசி.

ஹுஸ்னியா கெட்டவள் இல்லை. ஆனால் வியாபாரம் தெரிந்தவள். தன்னிடம் அறை நிறைந்தால் மிச்ச ஆட்களை ஜெயரூபியிடம் அனுப்புகிறேன் என்று அவளாகவே சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"ஜெயா, மரவீடு எண்டா ஆக்களுக்கு விருப்பம்தான். ஆனா பெயின்ற் உரிஞ்சு தொங்கிற வீட்டுக்கு நான் ஆளனுப்ப மாட்டன், என்ர பேரும் சேந்து கெடும். சித்திரைப் புதுவருஷம் கழிய சீசன் தொடங்கிரும். அதுக்குள்ள வீட்டை ஒழுங்காக் காட்டு. சரிவரேல்லை எண்டா தோய்க்கிற வேலை உனக்கு இருக்கு, அதுவரைக்கும் வேற ஆள் எடுக்க மாட்டன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்தக் கடைசி வசனம் ஜெயரூபிக்கு முள்ளாகக் குத்தியது. திரும்பி வருவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நம்மை வழியனுப்பினால் எப்படி இருக்கும்? அந்தக் கதவால் திரும்பிப் போவதில்லை என்று அவள் அங்கேயே தீர்மானித்துவிட்டாள். அப்படியென்றால் எல்லாம் பெயின்றில்தான் இருந்தது.

பெயின்ற் என்றால் கடைக்குப் போய் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு வந்து பூசுவதுதானே என்று நினைப்பவர்கள் உப்புக்காற்றில் ஒரு வருஷம் இருந்து பார்க்கவேண்டும். அந்தக் கரையில் ஆணி துருப்பிடித்துத் துரும்பாகும், சைக்கிள் செயின் இறுகிப்போகும், படலையில் பூசிய பெயின்ற் மழைக்கு முன்னம் ஒரு நிறமும் மழைக்குப் பின்னம் ஒரு நிறமுமாக நிற்கும். அதுவும் மரம் சும்மா கிடக்கிற சாமான் இல்லை. மாரிக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். மேலே பூசியது அதோடு சேர்ந்து அசையவேண்டும், அசையாவிட்டால் வெடிக்கும்.

தம்பலகாமத்தில் அறுப்பித்து வந்த மலைவேம்புப் பலகைகளில் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பூசி, கடலைப் பார்த்த வேலியில் வரிசையாக அறைந்தாள் ஜெயரூபி. மாரி முழுக்க அவை அங்கே நனைந்தன. பலகைக்கு மழை காட்டுகிறாள் என்று ஊர் சிரித்தது. அவள் கணவன் சிவபாதமும் சிரித்தான், ஆனால் அவள் காணாத நேரம் பார்த்து.

வள்ளக்காரர் எல்லாரும் எதற்கும் பூசுகிற, இரும்புக்கான சிவப்பு அடிப்பூச்சு, அந்தப் பிறைமர்தான் முதலில் தோற்றது. தைப்பொங்கலுக்கு முன்னமே பொருக்குப் பொருக்காக உரிந்தது. வெள்ளைப் பிறைமருக்கு மேலே எனாமல் பூசிய துண்டு பார்க்க மினுமினுவென்று மாப்பிள்ளை மாதிரி நின்றது, வெயில் வந்ததும் நெடுக வெடித்தது. அலுமினியம் பிறைமர் பூசி, அதற்கு மேலே தண்ணீரில் கரைக்கிற வெளிச்சுவர்ப் பெயின்ற் பூசிய துண்டுதான் அசையாமல் நின்றது. அதிலும் ஒரு மூலை கிளம்பியிருந்தது. ஏனென்று கழற்றிப் பார்த்தாள். வாளால் அறுத்த தலைப்பக்கத்தில் பூசாமல் விட்டிருக்கிறாள். தண்ணீர் அந்த வழியால் குடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. இனி ஒரு பலகையையும் தலைப்பும் முதுகும் பூசாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

நிறத்தைத் தெரிவுசெய்வதுதான் பெரிய பஞ்சாயத்தானது. நீலம் பூசி மஞ்சள் கோடு இழுக்கவேண்டும் என்றான் சிவபாதம். அவனுடைய படகு அந்த நிறம்.

"ஏன், வீட்டையும் கடலுக்க தள்ளப் போறீங்களோ?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள்.

கடும் மண்ணிறம் நல்லாயிருக்கும் என்றாள் ஹுஸ்னியா. கடும் நிறம் வெயிலை இழுக்கும், பலகை வளையும் என்று அதையும் தட்டிவிட்டாள். கடைசியில், வெள்ளரிப்பிஞ்சின் தோலில் இருக்குமே ஒரு வெளிறிய பச்சை, அதைத்தான் தெரிந்தெடுத்தாள். கண்ணுக்குக் குளிர்ச்சி, சூடும் பிடிக்காது.

ஒரு நாள் விடிய வெள்ளாப்போடு மூன்று சில்லு ஓட்டோ ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள். கிண்ணியாவைச் சேர்ந்த கலீலுர் றஹ்மான் அங்கே பெயின்ற் கடை வைத்திருந்தார். மாரி முழுக்க அவரிடம்தான் சின்னச் சின்னப் பேணிகளாக வாங்கிப் பரீட்சை செய்தாள்.

"அலுமினியம்தான் வேணும் நானா," என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"நல்ல சாமான் தங்கச்சி, இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா அது சாம்பல் நிறம். உங்கட பச்சை இளம் பச்சையெல்லோ, அடியில கறுப்படிக்கும். கூட ஒரு தரம் பூச வரும்."

"எத்தினை தரமெண்டாலும் பூசுறன். உரியாம நிண்டாக் காணும்."

"அப்ப பூச முதல் பலகையை நல்ல தண்ணியால கழுவிப்போட்டுக் காய விடுங்க. கடல் உப்பு கிடந்தாக் கொப்புளிக்கும். தூசி, எண்ணெய் ஒண்டும் இருக்கப்படாது."

எண்ணெய் என்று அவர் சொன்னபோது ஜெயரூபி அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. புதுப் பலகையில் எண்ணெய் எங்கேயிருந்து வரும்?

அது வந்துகொண்டுதான் இருந்தது, பக்கத்து ஊரான சல்லியிலிருந்து, ஒரு பிளாஸ்ரிக் கலனில்.

சிவபாதத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். பேசுவதற்கு வரி கட்டவேண்டும் போல வாயை மூடிக்கொண்டு திரிகிற மனிதன். மனைவி வீடு கட்டியபோது பலகை தூக்கினான், கிடங்கு வெட்டினான், சொன்ன எல்லாம் செய்தான். ஆனால் அவனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவளுக்கு வரவில்லை, எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். நிறத்திலும் அவன் பேச்சு எடுபடவில்லை. தன் பங்குக்கு ஒன்றாவது செய்யவேண்டும் என்று அவனுக்கு மனதுக்குள் கிடந்து அடித்தது. இப்போது கண்ணாடியிழைப் படகு வைத்திருந்தாலும் மரவள்ளத்தில் வளர்ந்தவன் அவன். புது வள்ளத்தைக் கடலில் இறக்க முன்னம் அந்த வீட்டு ஆண்கள் கூடி, வெறுங்கையால் அதற்குச் சுறா எண்ணெய் தேய்ப்பார்கள். எண்ணெய் குடிக்காத பலகையைக் கடலுக்குக் காட்டுவது அவர்கள் வழக்கமில்லை. இங்கே பார்த்தால், கடலுக்கு முன்னால் ஒரு முழுச்சுவர் வெறும் பலகையாக நின்றது.

மூன்று சில்லு ஒழுங்கைக்குள் திரும்பியபோதே ஜெயரூபியின் மூக்கில் அடித்தது. சுறா எண்ணெய் மணம் தெரியாதவர்கள் பாக்கியவான்கள். பேணிகளை இறக்கக்கூட நிற்காமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். கடற்பக்கச் சுவர் முழுக்க எண்ணெய் வடிந்து வெயிலில் பளபளத்தது. படியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தியிருந்தது, வாசலில் ஒரு பூமாலை. சிவபாதமும், சல்லியிலிருந்து வந்த அவன் மச்சான் யதுர்ஷனும், அவனோடு தொழில் செய்கிறவர்களும் முழங்கை வரைக்கும் எண்ணெயோடு நின்று, நல்ல வேலை செய்த பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

ஜெயரூபிக்கு வாய் வரவில்லை. வாய்க்காரிக்கு வாய் வராவிட்டால் எவ்வளவு பெரிய அடி என்று பாருங்கள். அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறீங்கள்?" என்றாள் கடைசியில்.

"வள்ளத்துக்குப் பூசிறதுதானே ஜெயா. உப்பு அண்டாது, புழு அண்டாது..."

"இது வள்ளமோ? எண்ணெய்க்கு மேல பெயின்ற் நிக்குமோ? இந்த மணத்துக்க ஆர் வந்து படுப்பினம், சொல்லுங்கோ. அடுத்த கிழமை ஹுஸ்னியாக்கா வந்து பாக்கப்போறா. ஒரு சொல்லு என்னட்டக் கேட்டனீங்களோ?"

சிவபாதத்தின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. செய்தது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. யதுர்ஷன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான், சிவபாதம் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பிழை என்னிலதான்," என்றான். "இவங்களை நான்தான் கூப்பிட்டனான். என்ன செய்யோணும் சொல்லு, செய்யிறன்."

கலீலுர் றஹ்மானுக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்த மனிதர் மறுமுனையில் தலையில் கைவைத்தது இங்கே கேட்டது. எண்ணெய் காய்ந்து மணம் போக அடுத்த மாரி வரும், சுவரைக் கழற்றிப் புதுப்பலகை அடிப்பதுதான் சுகம் என்றார். புதுப்பலகைக்கு ஆலையில் முறை வைத்துக் காத்திருக்கவேண்டும். அதற்குள் சீசன் தொடங்கி, ஹுஸ்னியா தன் ஆட்களை வேறெங்காவது அனுப்பத் தொடங்கியிருப்பாள், ஜெயரூபியும் தோய்க்கிற கல்லுக்குப் போயிருப்பாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவருக்குக் கிட்டப்போய் விரலால் தடவினாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. இன்னும் காயவில்லை. அவ்வளவுதான், அவள் முகம் மாறிவிட்டது. காய்ந்த எண்ணெய்க்கறை வேறு, காயாத பச்சை எண்ணெய்க்கறை வேறு. விரிப்புத் தோய்க்கிறவளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பச்சைக்கறையைத் தேய்க்கக்கூடாது, தேய்த்தால் உள்ளே போய்விடும். கொதிநீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊறவிடவேண்டும். எண்ணெய் தானாகவே கிளம்பி வெளியே வரும். விரிப்பைத் தொட்டியில் ஊறப்போடலாம், சுவரை எப்படி ஊறப்போடுவது? அதற்கும் அவளுக்கு வழி வந்தது. சுவரை விரிப்புக்குள் போடமுடியும்தானே!

"வீட்டில கிடக்கிற பழைய பெட்சீற்று, சாரம், சீலை எல்லாத்தையும் கொண்டாங்கோ," என்றாள். "யதுர்ஷன், நீ போய்க் கோயில் கிடாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா."

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை உப்புவெளி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. கிடாரத்தில் சோடாத் தண்ணீர் கொதித்தது. துணிகளை அதில் முக்கித் தடியால் தூக்கி, சொட்டச் சொட்டச் சுவரில் போர்த்தி, சட்டம் வைத்து அறைந்தார்கள். சிவபாதத்தின் சாரங்கள் கட்டம் கட்டமாகச் சுவர் முழுக்கத் தொங்கின. ஆறியதும் எடுத்துப் பார்த்தால் துணி மஞ்சளாக எண்ணெயைக் குடித்திருந்தது. பிழிந்து தோய்த்துத் திரும்பவும் போர்த்தினார்கள். காசில்லாமல் கூத்துப் பார்க்கலாம் என்று வந்தவர்கள் கடைசியில் தண்ணீர் தூக்கினார்கள். சிவபாதம் அந்த நாட்களில் கடலுக்கே போகவில்லை. பாரை மீன் கரையோரம் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. கை இரண்டும் சோடாவில் வெந்து தோல் உரிந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. கோபத்தோடு இருந்த ஜெயரூபி, ஒரு மத்தியானம் அந்தக் கைகளைக் கண்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தானே பூசிவிட்டாள். அதோடு கோபமும் கரைந்தது.

நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டு, மணல் ஒட்டிய கடதாசி போட்டு உரஞ்சிய பிறகு, ஒவ்வொரு பலகையிலும் விரலால் ஒரு துளி தண்ணீர் வைத்தாள். துளி உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது, பலகை குடித்தால் போய்விட்டது. முதல் தடவை எங்கும் உருண்டு நின்றது. திரும்பவும் கிடாரம், திரும்பவும் சாரம். அடுத்த தடவை வைத்தபோது மேல்வரிசைப் பலகை துளியை மெல்ல உள்ளே இழுத்தது. அதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. யன்னலுக்குக் கீழே ஒரு பலகை மட்டும் கடைசிவரை இடம் கொடுக்கவில்லை. அவளுக்குத்தான் பிடிவாதம் என்று நினைத்திருந்தோம். அதைக் கழற்றி, மிச்சமிருந்த பலகையில் ஒன்றை அறுத்துப் போட்டார்கள்.

பனி காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏற முன்னம் நிறுத்தி, பின்னேரம் திரும்பத் தொடங்கி, அலுமினியம் பிறைமரைப் பூசினார்கள். தலைப்பு, வீட்டுக்குள்ளிருந்து தெரிகிற முதுகு, ஆணித்துளை ஒன்றும் விடவில்லை. பிறகு பச்சை. கலீலுர் றஹ்மான் சொன்னது சரிதான், முதல் பூச்சில் பிஞ்சு வாடிப்போன மாதிரித்தான் இருந்தது. கடைசிப் பூச்சில்தான் நிறம் வந்தது. வந்ததும் எப்படி வந்தது! கடலில் நின்று பார்த்தவர்கள், கரை முழுக்க அந்த ஒரு வீடுதான் கண்ணில் படுகிறது என்றார்கள். ஜெயரூபி மணலில் தள்ளி நின்று பார்த்தாள். நெஞ்சு நிறைந்து கண்ணால் வழிந்தது. துடைக்கவுமில்லை.

ஹுஸ்னியா வந்தபோது மூக்குக்கு மணம் ஒன்றும் எட்டவில்லை, கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய்க் கதையை மறைத்திருக்கலாம். ஜெயரூபி மறைக்கவில்லை, நடந்ததெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரை எடுத்து, பெயின்றில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் அழுத்தி ஒட்டினாள். தான் அவ்வளவு பாடுபட்டுப் பூசிய சுவரில் தானே கீறினாள்.

"நீங்களே இழுங்கோ அக்கா. பிடிக்காத பெயின்ற் எண்டா அதோட உரிஞ்சு வரும்."

ஹுஸ்னியா ஒரே இழுவையாக இழுத்தாள். பிளாஸ்ரரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பொட்டுப் பச்சைகூட அதில் இல்லை. 

"வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் வருது, உனக்கு அனுப்புறன்," என்றாள். "எனக்குத்தான் இனித் தோய்க்க ஆள் தேட வேண்டிக் கிடக்கு."

வெள்ளிக்கிழமை விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வான் வந்து நின்றபோது ஜெயரூபி பக்கச்சுவரில் ஏணியில் நின்று, கூரைச் சட்டத்தின் தலைப்பொன்றுக்குப் பூசிக்கொண்டிருந்தாள். பழைய சட்டை, தலையில் துணி, கன்னத்தில் பச்சை. கொழும்பிலிருந்து வந்த சாரதி இறங்கி அங்குமிங்கும் பார்த்தான். ஏணியில் நின்றவளைத் தாண்டிப் போய், படியில் மணல் கூட்டிக்கொண்டிருந்த சிவபாதத்திடம், "முதலாளி, அறை ரெடியா? ஆக்களை இறக்கட்டா?" என்று கேட்டான்.

சிவபாதம் விளக்குமாற்றைக் கீழே வைத்தான். வாழ்நாளில் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"முதலாளி நானில்லைத் தம்பி. அந்தா ஏணியில நிக்கிறா, அவதான். இந்த வீட்டுப் பலகையும் அவதான் எடுத்தவ, பெயின்றும் அவதான் எடுத்தவ. நான் எண்ணெய் பூசிக் கெடுத்தனான், அதைத் திருத்தி எடுத்ததும் அவதான். அவவிட்டக் கேளுங்கோ."

சாரதி திகைத்துப்போய் ஏணியைப் பார்த்தான். வானுக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஜெயரூபி தூரிகையைப் பேணிக்குக் குறுக்கே வைத்துவிட்டு, அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ," என்றாள். "இது என்ர வீடு."